இடுப்பு வீக்காக இருக்கிறதா? பெல்ட்டை அப்புறம் வாங்கலாம்

"இடுப்பு வீக்கா இருக்கு, டெட்லிஃப்ட் பக்கமே போகாதே" என்பார் ஒருவர். "பெல்ட்டை இறுக்கிக் கட்டு, எல்லாம் சரியாயிடும்" என்பார் இன்னொருவர். டெட்லிஃப்ட் என்பது தரையில் கிடக்கும் எடையைப் பிடித்துத் தூக்கி நிமிர்ந்து நிற்பது; பெல்ட் என்பது அப்போது வயிற்றைச் சுற்றிக் கட்டும் தடித்த பட்டை. நம் ஊர் ஜிம்களில் இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு எத்தனையோ பிள்ளைகள் எடை தூக்குவதையே விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே தப்பு. இடுப்பு என்று நாம் சொல்கிற கீழ்முதுகைப் பலப்படுத்த முடியும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது, அதைச் சொல்லித் தரத்தான் ஆள் இல்லை.

பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் உலக சாம்பியன். அடுத்த ஆண்டே கீழ்முதுகுக் காயத்தால் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் போக முடியவில்லை. அதோடு முடிந்தது என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட் ஆரோன் ஹார்ஷிக்கிடம் போய், முதுகு, தோள் சிக்கல்களுக்குத் திருத்தப் பயிற்சி செய்தார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார்.

எடை தூக்கும்போது கீழ்முதுகின் வேலை வளைந்து நிமிர்வதல்ல, அசையாமல் தாங்குவது. தூக்குகிற வேலை பிட்டத்துக்கும் தொடைக்கும் உரியது. அதனால்தான், முதுகு பலவீனமான ஒரு பையன் நெஞ்சில் எடை பிளேட்டை அணைத்துக்கொண்டு ரோமன் சேரில் (காலைப் பூட்டி, மேலுடம்பை அந்தரத்தில் விட்டுக் குனிந்து நிமிரும் இருக்கை) விறுவிறுவென்று வளைந்து நிமிர்வதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. முதலில் வேண்டியது தாக்குப்பிடிக்கும் திறன். டென்மார்க் ஆய்வாளர் பியரிங்-சோரன்சன் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், மேலுடம்பை அந்தரத்தில் நேராக அதிக நேரம் தாங்க முடிந்த ஆண்களுக்கு அடுத்த ஓராண்டில் புதிதாக இடுப்பு வலி வருவது குறைவாக இருந்தது.

அந்தத் திறனுக்குக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் சொன்ன மூன்று பயிற்சிகள் போதும்: கர்ல்-அப் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் லேசாகத் தூக்குவது), சைட் பிளாங்க் (ஒருக்களித்து முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தாங்குவது), பேர்ட் டாக். இதில் பேர்ட் டாக்கைத்தான் பலரும் கெடுக்கிறார்கள். மண்டியிட்டுக் கையூன்றி, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்ட வேண்டும். காலை எவ்வளவு உயரம் தூக்குகிறோம் என்பது முக்கியமில்லை. இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது, முதுகில் புதிதாகப் பள்ளம் விழக் கூடாது. பக்கத்தில் இருப்பவரைக் கீழ்முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சாய்ந்தால் உடனே தெரிந்துவிடும். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். நேரத்தைக் கூட்டாமல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

அப்புறம், முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மடங்கிக் குனியக் கற்க வேண்டும். ஒரு மாப் குச்சியை முதுகோடு நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். பின்னந்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, வால் எலும்பு என மூன்று இடத்திலும் குச்சி தொட வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே குனியுங்கள். எவ்வளவு குனிந்ததும் குச்சி அந்த மூன்றில் ஓர் இடத்தையாவது விட்டு விலகுகிறதோ, இன்றைக்கு உங்கள் எல்லை அதுதான். அதற்குக் கீழே போய் எடை எடுக்காதீர்கள். இது கைவந்த பிறகு லேசான டம்பெல்லோடு ரோமானியன் டெட்லிஃப்ட் (நின்றபடி எடையைத் தரை தொடாமல் இறக்கி ஏற்றுவது), அதற்குப் பிறகு பிளேட் மாட்டாத வெறும் ராட் (எடை தூக்கும் இரும்புக் கம்பி).

தூக்குமுன் மூச்சை வயிறு, விலா எல்லாம் நிறைய இழுத்துத் தம் கட்டி, வயிற்றைச் சுற்றிலும் இறுக்க வேண்டும். பெல்ட் செய்வதும் அந்த இறுக்கத்துக்குத் துணை நிற்பதுதான். இறுக்கவே தெரியாதவருக்கு அது என்ன செய்யும்? ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தம் கட்ட வேண்டாம்.

விடியற்காலையில் எழுந்த கையோடு ஜிம்முக்கு ஓடுகிறவர்களுக்கு ஒன்று. இரவு முழுக்கப் படுத்திருக்கையில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் முதுகை வளைத்துக் குனிகிற எந்தப் பயிற்சியும் வேண்டாம். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பாதம் தொய்ந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஜிம் நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. போட்டிகளில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. அதை மாட்டினால் ராட் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். நம் ஜிம்களில் புதிதாக வருகிறவருக்கு மாட்டுவது 5 கிலோ சின்ன இரும்பு பிளேட். ராட் கணுக்கால் பக்கம் போய்விடுகிறது. அனுபவசாலியைவிட, முதுகு பலமில்லாத புதியவர்தான் அதிகம் குனிய வேண்டியிருக்கிறது! இது எவ்வளவு பெரிய அநியாயம்? இரண்டு பக்கப் பிளேட்டுக்கும் அடியில் ஒரே உயரத்தில் இரண்டு மரக்கட்டைகள் செய்து போடுங்கள். ராட் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். அங்கிருந்து தூக்கிப் பழகி, வாரம் போகப் போகக் கட்டையின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். ஒரு பெல்ட்டின் விலைகூட ஆகாது.