மீன்பிடி இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கும் முன் கரையைப் பாருங்கள்

மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து தூண்டில் போட்டு நிதி திரட்டும் போட்டி பற்றிய கட்டுரை அருமை. ஆனால் கரை ஏற்பாட்டை விட்டுவிட்டீர்கள், அங்கேதான் முக்கால்வாசிச் சிக்கலும். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப, குறைந்தது 150 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள மேடை வேண்டும். அது தண்ணீர்ப் பக்கம் சரியவே கூடாது. விளிம்பில் 10 சென்டிமீட்டர் உயரத் தடுப்புக் கட்டை அவசியம். பெரிய மீன் இழுக்கும்போது உடல் முன்னே சாயும். பிரேக் போட்டிருந்தாலும் ஈரப் பலகையில் சக்கரம் வழுக்கும். லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் கட்டாயம், ஆனால் நாற்காலி பெல்ட் பூட்டியிருந்தால் அதனால் பயனில்லை: கனமான நாற்காலி ஆளையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். பெல்ட் இல்லாமல் உட்கார முடியாதவர் அருகில் அதைச் சட்டென்று கழற்றத் தெரிந்த ஒருவர் நிற்கட்டும்.

ஒரு கையால் பிடிப்பவருக்கு நாற்காலியில் பொருத்தும் தூண்டில் கழித்தாங்கி, முன்பே தூண்டில் முள் கட்டி வளையம் போட்ட தூண்டில் நரம்புகள் கொடுங்கள். பார்வையற்றவருக்குக் கழி நுனியில் சின்ன மணி. காது கேளாதவருக்காக ஊதலோடு கொடியும் காட்டுங்கள்.

முக்கியமாக, மேடைகளையெல்லாம் மீன் வராத ஆழமற்ற மூலையில் ஒதுக்காதீர்கள். இருவரை ஓர் அணியாக்கி, பக்கத்துப் பக்கத்து இடம் கொடுத்து, இருவரும் பிடித்த மீன்களின் மொத்த எடையைக் கணக்கிடுங்கள்.