படங்கள் வந்துவிட்டன, வேலைப்பாடு வரவில்லை

விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறிச் சில மாதங்கள் ஆகின்றன. ஒளிப்பட வேலை மொத்தமும் இப்போது அதில்தான். "எப்படி இருக்கு, நாங்களும் மாறலாமா?" என்று உள்பெட்டியில் கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துவிட்டேன். அதனால்தான் இந்த நீளப் பதிவு.

மாறியதற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கும், என் கணினி அதற்கு முந்தைய காலத்துப் பிறவி. கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா கோப்புகளை இன்றும் சளைக்காமல் திறக்கிற பெட்டியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

எல்லோரும் பயப்படுவது இயங்குதளத்தைப் பார்த்து. அதை நிறுவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க், பேனாவோடு வரும் வரைபலகை எல்லாம் செருகியதுமே வேலை செய்தன. உண்மையில் நம்மைக் கட்டிப்போட்டிருப்பது விண்டோஸ் இல்லை, படம் திருத்த நாம் பயன்படுத்தும் லைட்ரூம் மென்பொருளின் கேட்டலாக். இது எனக்கு மாறிய பிறகுதான் உறைத்தது.

லைட்ரூம் ரா கோப்பைத் தொடுவதே இல்லை. வெளிச்சத்தைக் கூட்டியது, ஓரத்தை வெட்டியது, கன்னத்து நிழலைக் குறைத்தது என நாம் செய்வதெல்லாம் வெறும் குறிப்புகளாக அந்த ஒரே கேட்டலாக் கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அது ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம். நீங்கள் படங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு கிளம்பினால் நெகட்டிவ் கையில் இருக்கும், பிரின்ட் இருக்காது. லைட்ரூம் லினக்ஸில் ஓடாது. குறுக்கு வழிகளை நம்பி வேலையில் இறங்காதீர்கள்.

ஒன்று செய்யலாம். கிளம்பும் முன் லைட்ரூமில் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எஸ் அழுத்துங்கள். ஒவ்வொரு ரா கோப்பின் பக்கத்திலும் அந்தக் குறிப்புகளைத் தாங்கிய ஒரு குட்டி எக்ஸ்எம்பி கோப்பு வந்து நிற்கும். நான் இப்போது பயன்படுத்தும் டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள் அதைப் படித்து நட்சத்திரங்கள், குறிச்சொற்கள், வெட்டிய அளவு போன்றவற்றை எடுத்துக்கொள்ளும். மற்ற திருத்தங்களில் பல வராது, வருபவையும் அப்படியே இருக்காது. படத்தின் விவரங்களை எடுப்பாக்கும் 'கிளாரிட்டி 20' என்பதில் அந்த 20க்கு லைட்ரூமுக்குள்தான் அர்த்தம். அடுத்த மென்பொருளின் கணக்கே வேறு.

எக்ஸ்எம்பியில் ஏறாதவையும் உண்டு. படங்களைக் குழுவாகத் தொகுத்து வைக்கும் கலெக்‌ஷன்கள் ஏறாது, ஒரே படத்துக்கு வேறு திருத்தத்தோடு வைத்துக்கொள்ளும் விர்ச்சுவல் காப்பிகளும் ஏறாது. இதைச் சரியாகப் படிக்காமல் கிளம்பிய புத்திசாலி நான்தான். ஒரு கறுப்பு வெள்ளைத் தொடர் முழுக்க விர்ச்சுவல் காப்பிகளாகவே வைத்திருந்தேன். புதிய வீட்டில் திறந்தால் எல்லாம் கலரில் சிரிக்கின்றன. பழைய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தேன். மறுபடி அதிலிருந்து கணினியை எழுப்பி, முடித்த படங்கள் அத்தனையையும் திருத்தங்களோடு சேர்ந்த, தரம் குறையாத 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்துக்கொண்டேன். இடம் நிறையத்தான் அடைக்கும், அடைக்கட்டும். கலெக்‌ஷன் பெயர்களையும் குறிச்சொற்களாக மாற்றிக் கொண்டுவந்தேன். பழைய வேலையை டிஃப்பாக முடித்துவிட்டு, புதிய படங்களை மட்டும் புதிய மென்பொருளில் தொடங்குங்கள். பழசைப் புதிதில் அப்படியே மறுபடி செய்யப் பார்ப்பது வீண் வேலை.

அப்புறம் நிறம். டார்க்டேபிளில் முதல் படத்தைத் திறந்ததும் சப்பென்று இருந்தது. மென்பொருள் மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரா கோப்பு என்பது சென்சார் அளந்த எண்கள். அதற்கு முகம் கொடுப்பது ஒவ்வொரு மென்பொருளின் விருப்பம். 'கேமரா எடுத்த நிறம்' என்று இத்தனை வருடம் நான் நம்பியது, லைட்ரூம் பூசிவிட்ட நிறம்.

அதைவிடப் பெரிய பாடம் திரையில் கிடைத்தது. என்னுடையது நிற வீச்சு அதிகமுள்ள, அதாவது சாதாரணத் திரைகளைவிட அடர்ந்த நிறங்களைக் காட்டக்கூடிய மானிட்டர். பழைய இயங்குதளத்தில் காலிபிரேட்டர் என்ற நிறம் அளக்கும் கருவியை வைத்து அளந்து உருவாக்கிய புரொஃபைலை, அதாவது திரையின் நிறத்தைச் சரியாகக் காட்டவைக்கும் கோப்பை, இங்கே மறுபடி போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஜன்னலோரம் சிவப்புத் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் படம். துணி திரையில் தீயாய் எரிந்தது. குறைத்தேன், இன்னும் குறைத்தேன், முகத்தோடு பொருந்தியதும் அனுப்பினேன். வாங்கியவர் தன் போனில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "துணி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்குது?" படத்தில் குறையில்லை, என் திரைதான் பொய் சொல்லியிருக்கிறது. ஆர்கில் என்ற இலவச மென்பொருள் என் பழைய காலிபிரேட்டரை அடையாளம் கண்டுகொண்டது. திரையை மறுபடி அளந்து புரொஃபைலைப் போட்டதும் சிவப்பு அடங்கியது. அந்த வாரம் அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிச் செய்து கொடுத்தேன்.

இழப்பே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆளை ஒரே சொடுக்கில் பிரித்தெடுக்கும் லைட்ரூமின் மாஸ்க்கும், இருட்டில் எடுத்த படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சலைத் துடைக்கும் ஏஐ வசதியும் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான படங்களை முடித்துக் கொடுத்தாக வேண்டியவர் மாறாமல் இருப்பதே நல்லது. லினக்ஸ் நண்பர்கள் இதற்காகச் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை. நிதானமாக, ஒரு படத்தோடு அரை மணி நேரம் உட்காருகிற ஆள் என்றால் தாராளமாக வரலாம். டார்க்டேபிள் தன் குறிப்புகளைக் கேட்காமலேயே ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எக்ஸ்எம்பியாக எழுதி வைக்கிறது. இது எனக்குப் பெரிய நிம்மதி.

விரல்கள்தான் இன்னும் பழைய வீட்டிலேயே இருக்கின்றன. லைட்ரூமில் ஆர் விசை என்றால் படத்தை வெட்டுவது, டார்க்டேபிளில் அதே ஆர் படத்தை நிராகரிப்பது. நேற்றும் ஒரு நல்ல படத்தின் ஓரத்தை வெட்டப்போய், படத்தையே கழித்துக் கட்டினேன்.