குட்டை ஆக்‌ஷனுக்கு .358 வின்செஸ்டரே போதும்

வேட்டைத் துப்பாக்கியில் குட்டை ஆக்‌ஷன் என்பது .308 வின்செஸ்டர் தோட்டாவின் நீளத்துக்கு, அதாவது ஏறத்தாழ 71 மில்லிமீட்டருக்கு, அளவெடுத்துச் செய்த போல்ட்டும் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் பகுதி) மேகசினும் (தோட்டாக்கள் இருக்கும் பெட்டி)தான். .30-ஐவிட (இந்த எண்கள் குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்பவை) சற்றுப் பெரிய விட்டம் வேண்டும், ஆனால் துப்பாக்கி குட்டையாகவே இருக்க வேண்டும் என்று தேடுபவர் பெரும்பாலும் மூன்று பெயர்களில் வந்து நிற்கிறார்: 1955-இல் வந்த .358 வின்செஸ்டர், 1965-இல் வந்த .350 ரெமிங்டன் மேக்னம், 2006-இல் வந்த .338 ஃபெடரல். தோட்டாவின் உறையில் வெடிமருந்தையும் குண்டையும் தாமே நிரப்பிக்கொள்பவருக்கு இவற்றில் மூத்ததே ஏற்றது என்பது என் கருத்து.

.350 ரெமிங்டனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டை போட்ட தடித்த உறையில் மருந்து கூடுதலாகக் கொள்ளும் என்பது உண்மை. ஆனால் மேகசின் நீளம் கட்டிப்போடுவதால் நீண்ட குண்டு உறைக்குள் ஆழமாக இறங்கி, அந்த இடத்தில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடுகிறது. உறையின் அடியைத் தாங்கும் போல்ட் முகமும் மேக்னம் எனப்படும் தடித்த தோட்டாக்களின் அளவில் இருக்க வேண்டும். மற்ற இரண்டும் .308 உறையின் கழுத்தை விரித்துச் செய்தவை ஆகையால், .308 துப்பாக்கியின் குழலை மாற்றினாலே போதும். போல்ட்டும் மேகசினும் அப்படியே பயன்படும்.

உண்மையான போட்டி .338-க்கும் .358-க்கும் இடையில்தான். 200 கிரெய்ன் (ஏறத்தாழ 13 கிராம்) குண்டை .338 ஃபெடரல் விநாடிக்கு ஏறத்தாழ 800 மீட்டர் வேகத்திலும், .358 ஏறத்தாழ 760 மீட்டர் வேகத்திலும் செலுத்துகின்றன. .338 குண்டு மெலிந்து நீண்டது. காற்றைக் கிழித்துச் செல்வதில் அதுவே மேல். 250 மீட்டருக்கு அப்பால் அடிக்கடி சுட வேண்டியவரோடு நான் வாதிட மாட்டேன். ஆனால் சந்தையில் உள்ள .338 குண்டுகளில் பெரும்பாலானவை .338 வின்செஸ்டர் மேக்னம் முதலிய வேகத் தோட்டாக்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. குட்டைத் தோட்டாவிலிருந்து கிளம்பி வேகம் தளர்ந்த நிலையில் இலக்கை அடையும்போது, அவற்றில் கடினமானவை சரியாக விரியாமல் ஊடுருவிப் போய்விடக்கூடும். .35 விட்டத்திலோ மேக்னங்கள் குறைவு. குண்டுகளும் மிதமான வேகத்துக்கே பழகியவை. இதிலும் கவனம் தேவை, ஏனெனில் .35 ரெமிங்டனுக்கான மென்மையான 200 கிரெய்ன் குண்டு .358-இன் வேகத்தில் அருகிலேயே பட்டால் அளவுக்கு மீறிச் சிதையலாம். .35 வீலன் என்ற தோட்டாவுக்காகச் செய்த 225 கிரெய்ன் குண்டே என் தேர்வு. குறுக்குவெட்டு அடர்த்தியில், அதாவது விட்டத்தோடு ஒப்பிட்ட எடையில், அது 200 கிரெய்ன் .338 குண்டுக்குச் சமம். பயிற்சிக்கு .357 கைத்துப்பாக்கிக் குண்டுகளையும் மெதுவான வேகத்தில் பயன்படுத்தலாம் என்பது .338-க்குக் கிடைக்காத சலுகை.

குழல் குட்டையானாலும் .358 பெரிதாக முகம் சுளிப்பதில்லை. குண்டின் அடிப்பரப்பு .308-ஐவிட ஏறத்தாழ 35 சதவீதம் அதிகம் என்பதால், அதே அழுத்தம் அதிக விசையோடு தள்ளுகிறது. சற்று வேகமாக எரியும் மருந்தே பொருந்துகிறது. மருந்தின் அளவை மட்டும் வெளியிடப்பட்ட கையேட்டின் தொடக்க அளவிலிருந்தே ஏற்ற வேண்டும்; .308-க்கான அளவை இங்கே கொண்டுவரக் கூடாது.

உறை செய்வதில்தான் கை பழக வேண்டும். .308 உறையின் கழுத்தை ஒரே இழுப்பில் .358-க்கு விரித்த முதல் தடவை, இருபதில் மூன்று கோணலாகிவிட்டன. கண்ணாடித் தட்டில் உருட்டியபோது வாய்ப்பக்கம் தள்ளாடியது தெரிந்தது. இப்போது கழுத்தின் உட்புறம் எண்ணெய் தடவி, முதலில் .338 விரிப்பானையும் பிறகு .358 விரிப்பானையும் செலுத்துகிறேன். விரிந்த உறை நீளத்தில் சற்றுக் குறையும். அதில் கவலை இல்லை. கவனிக்க வேண்டியது தோள், அதாவது உறையின் உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு. .308-இல் பக்கத்துக்கு ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் இருந்த தோள், .358-இல் 0.8 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. உறை அறைக்குள் சரியாக நிற்பது அந்தச் சிறு படியை நம்பித்தான். உறையை அளவுக்குக் கொண்டுவரும் அச்சான அளவு டையை அரை திருப்பு கூடுதலாக இறக்கினாலும் அது பின்தள்ளப்பட்டு, சில சுடுதல்களிலேயே உறையின் அடிப்பகுதி விரிசல் காணும்.

இன்னொன்று: இப்படிச் செய்த உறையின் அடியில் .308 என்றே பொறித்திருக்கும். உண்மையான .308 தோட்டா .358 அறைக்குள் தடையின்றி நுழைந்துவிடும் என்பதால், நான் மாற்றிய ஒவ்வொரு உறையின் அடியிலும் சிவப்பு மையால் வளையம் போட்டு, தனிப் பெட்டியில்தான் வைக்கிறேன்.