இன்சூரன்ஸ் இல்லாத மாட்டுக்கும் வெள்ள நிவாரணம் உண்டு

மேல ஒருத்தர் "வெள்ளத்துல மாடு செத்தா இன்சூரன்ஸ் போட்டிருந்தா மட்டும்தான் அரசு பணம் தரும்"னு எழுதியிருக்காரு, அதை நாலு பேரு ஷேரும் பண்ணிட்டீங்க. அது சரியில்லைங்க. இன்சூரன்ஸ் வேற, பேரிடர் நிவாரணம் வேற. புயல் வெள்ளத்துல செத்தா மாநில பேரிடர் நிவாரண நிதியில இருந்து பணம் வரும், அதுக்கு பாலிசி தேவையே இல்ல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சப்ப தமிழ்நாடு அரசு பசு எருமைக்கு 30,000ல இருந்து 37,500, ஆட்டுக்கு 3,000ல இருந்து 4,000னு கூட்டுனாங்களே, அது இந்தப் பணம்தான். ஆனா எத்தனை செத்தாலும் கிடைக்காது, கறவை மாடுன்னா ஒரு குடும்பத்துக்கு 3 வரைக்கும்தான் (பத்து மாடு வச்சிருக்கவங்களுக்கு இது பத்தவே பத்தாது, அது தனிச் சண்டை).

நான் சொல்றத நம்ப வேணாம், மத்திய உள்துறையோட பேரிடர் மேலாண்மை தளத்துல 2022-26 நிவாரண விதிமுறைன்னு பிடிஎஃப் இருக்கு, அதுல கால்நடை பகுதிய மட்டும் படிங்க, இன்சூரன்ஸ் இருந்தாதான்னு எங்கயும் இருக்காது. இல்லன்னா உங்க விஏஓகிட்டயோ கால்நடை டாக்டர்கிட்டயோ கேளுங்க. செத்த மாட்ட டாக்டர் பாக்குறதுக்கு முன்னாடி புதைச்சிடாதீங்க, ஒரு போட்டோவாவது எடுத்து வைங்க.