தூரம் போனால் மலிவு என்பது பாதிக் கணக்கு

“நகரத்தை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறோமோ, அவ்வளவு பணம் மிச்சம்” என்று வீடு வாங்குவது பற்றிய பேச்சில் ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் ஆமோதித்தும் இருக்கிறார்கள். மனை விலை குறையும் என்பது சரி. 1964-லேயே பொருளியலாளர் வில்லியம் அலோன்சோ விளக்கியதுதான்: மையத்திலிருந்து விலகும்போது போக்குவரத்துச் செலவும் நேரமும் ஏறும், அதற்கு ஈடாகத்தான் நிலத்தின் விலை இறங்குகிறது. அதாவது அந்தத் தள்ளுபடி இனாம் இல்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 9% வட்டி, 20 ஆண்டுக் கடன் என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 900. தள்ளிப் போய் 10 லட்சம் மிச்சம் பிடித்தால் தவணையில் குறைவது மாதம் 9,000. வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறவர்கள், இன்னொரு வண்டி, எரிபொருள், பராமரிப்பு என்று சேர்த்தால் அந்த 9,000 எங்கே போனதென்றே தெரியாது. பயணத்தில் போகிற நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. சிகாகோவில் உள்ள ஓர் ஆய்வு மையம் இதனால்தான் வீட்டையும் போக்குவரத்தையும் ஒன்றாகப் பார்க்கிறது: இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45%-க்குள் இருந்தால்தான் அந்தப் பகுதி ‘கட்டுப்படியாகும்’.

“ரயில் வரப்போகுது” என்ற பேச்சை நம்பி வாங்குவதும் பாதிக் கணக்குதான். அறிவிப்பு வந்ததுமே விற்பவர் அதை விலையில் ஏற்றிவிடுவார். விலை ஏறிய பகுதியை ஒட்டி, அதே பேருந்துத் தடத்தில் இருக்கும் பழைய குடியிருப்புகளை முதலில் பாருங்கள். கட்டடம் பழசாக இருக்கும், மின்தூக்கி இருக்காது; விலை குறைவது அதனால்தான். தண்ணீர் தேங்குகிறதா என்று தெரிய, மழை பெய்த மறுநாளே தரகர் இல்லாமல் போய்ப் பாருங்கள்.