மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியது
"மருத்துவமனை வார்டில் தூக்கம் வராவிட்டால் மாத்திரைதான் வழி, காதடைப்பானும் கண்மறைப்பும் சும்மா ஆறுதலுக்கு" என்று சிலர் சொல்வது தவறு. முதியவர்களுக்குத் தூக்க மாத்திரை மனக்குழப்பத்தையும் கீழே விழும் அபாயத்தையும் கூட்டும். இரவில் நோயாளியை எழுப்புவது பல நேரம் செவிலியர்களாகிய நாம்தான்: பி.பி. பார்க்க ஒருமுறை, மருந்துக்கு ஒருமுறை, ரத்தம் எடுக்க இன்னொருமுறை. அவசரமில்லாதவற்றைச் சேர்த்து ஒரே நேரத்தில் முடித்தால், சுமார் 90 நிமிடத் தூக்கச் சுற்று ஒன்றாவது முழுதாகக் கிடைக்கும்.

காதடைப்பான் பயன்படவில்லை என்றால் மாட்டிய விதத்தைப் பாருங்கள். நுரையாலான (foam) காதடைப்பானை மெல்லிசாக உருட்டி, காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து நுழைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் பிடிக்க வேண்டும். காதில் சீழ் இருந்தால் மாட்டவே கூடாது. வலி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதைத் தீர்க்காமல் இவை எதுவும் உதவாது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்த வேண்டாம்.