கடைசியாகச் சொன்னது

ஜூலை பிறந்தால் போதும், லெப்டினன்ட் மனோஜ் குமார் பாண்டேயின் படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். கூடவே அந்த நேர்காணல் கதையும். ராணுவத்தில் ஏன் சேர விரும்புகிறாய் என்று கேட்டார்களாம், போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா வாங்க வேண்டும் என்றாராம், சொன்னபடியே வாங்கிவிட்டார் என்று முடியும். படிக்கும்போது எனக்கும் சிலிர்க்கும். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், ஏதோ பதக்கத்துக்காக மலையேறிய பையன் மாதிரி ஆகிவிடுகிறது. அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கார்கில் போர், 1999 ஜூலை 2 இரவு. பட்டாலிக் பகுதியில் காலுபார் மலைமுகடு, 16,000 அடிக்கும் மேல். அந்த உயரத்தில் வெறுங்கையோடு பத்தடி ஏறினாலே மூச்சு வாங்கும். மனோஜ் இருந்தது 11-வது கூர்க்கா ரைபிள்ஸின் முதல் பட்டாலியன். மேலே கல்லை அடுக்கிக் கட்டிய பங்கர்களுக்குள் எதிரி. சுற்றிலுமிருந்த உச்சிகளிலிருந்து சுட்டதில் பட்டாலியன் மேற்கொண்டு நகர முடியாமல் சரிவிலேயே மாட்டிக்கொண்டது. இருட்டு இருக்கும்வரைதான் பாதுகாப்பு. அது மொட்டை மலை, ஒளிய ஒரு புதர் கிடையாது. பொழுது விடிந்தால் மேலே இருப்பவன் ஒவ்வொருவராகக் குறிபார்த்துச் சுடலாம். அதற்குள் வழியில் இருக்கும் பங்கர்களை ஒழிக்கும் வேலை மனோஜின் பிளாட்டூனுக்கு வந்தது.

முதல் பங்கரில் இரண்டு பேரை வீழ்த்தினார். அடுத்ததில் இன்னும் இரண்டு பேர். மூன்றாவதைத் தாக்கும்போது தோளிலும் காலிலும் குண்டு பாய்ந்தது. அங்கேயே உட்கார்ந்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் நான்காவது பங்கர் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது, சரிவில் அத்தனை பேர் கிடந்தார்கள், விடியவும் போகிறது. கையெறி குண்டோடு போய் அதையும் முடித்தார். அப்போதுதான் இயந்திரத் துப்பாக்கிக் குண்டு நெற்றியில் பட்டது. 24 வயது முடிந்து எட்டே நாள்.

விழும்போது அவர் சொன்னதாகச் சொல்லப்படுவது "நா சோட்னு". விடாதீங்க என்று அர்த்தம். அது நேபாளி. மனோஜோ உத்தரப் பிரதேசத்தில் சீதாபூர் மாவட்டத்துக்காரர். கூர்க்கா படைக்கு வரும் அதிகாரி தன் சிப்பாய்களின் பேச்சைக் கற்றுக்கொள்வது வழக்கம். சரி, கற்றுக்கொள்ளலாம். உயிர் போகிற நேரத்தில், வீட்டில் பேசிய மொழியை விட்டு, கூட வந்தவர்களின் மொழி வாயில் வருகிறதென்றால் அவர்களோடு எப்படி வாழ்ந்திருப்பார்! நேர்காணல் கதையைவிட இதைத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பேன். அவருடைய வீரர்கள் விடவில்லை. காலுபார் நம் கைக்கு வந்தது.

அதே பட்டாலிக்கில் ஒரு மாதம் முன்பு, மே 29 அன்று, எங்கள் திருச்சி மேஜர் சரவணன் பிகார் ரெஜிமென்ட் வீரர்களுக்கு முன்னால் நின்று உயிரை விட்டார். உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேலானது. கன்டோன்மென்ட்டில் அவருடைய நினைவுத்தூணைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனோஜும் நினைவுக்கு வருவார். தமிழ்ப் பையன் பிகார் சிப்பாய்களோடு, உத்தரப் பிரதேசத்துப் பையன் கூர்க்கா சிப்பாய்களோடு.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அந்தக் கதையைப் பகிரும்போது "சொன்னபடியே வாங்கிவிட்டார்" என்று முடிக்காதீர்கள். 2000 ஜனவரி 26 அன்று குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் கையிலிருந்து அந்தப் பதக்கத்தை வாங்கியது அவருடைய அப்பா கோபிசந்த்.